நெடுந்தீவிலே பறவை எண்ணுதல்

(நமது சங்க மண்டபத்தில் நிகழ்த்திய உரை, பல்கலைக்கழக மாணவர் குழுவொன்றின் சார்பில் எழுதி வாசிக்கப்பட்டது.)



பண்டிதர்களும் சமயப் பெரியார்களும் நின்று பேசிய மேடை இது. நாங்களோ பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத மாணவர்கள். கொண்டுவந்த பொருளும் கொக்கும் குருவியுமே. ஆயினும் செயலாளர் அவர்கள் எங்களை அழைத்தபோது நாங்கள் தயங்கவில்லை. காரணம், இன்று நாங்கள் கேட்கவிருக்கும் உதவியை இச்சங்கத்தைப் போன்ற ஒன்றே செய்ய முடியும். அந்த உதவி எது என்பதைப் பேச்சின் இறுதியில் சொல்வோம்.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வடமாகாணத்தின் நான்கு இடங்கள் தேசிய பூங்காக்களாக வர்த்தமானியிற் பிரசித்தஞ் செய்யப்பட்டன. மடுவீதி, சுண்டிக்குளம், ஆதாம்பாலம், நெடுந்தீவு என்பன அவை. நெடுந்தீவிலே பூங்காவாகக் குறிக்கப்பட்ட நிலம் ஏறக்குறைய 1,846 ஹெக்டேயர். முழுத்தீவும் ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் என்று கொண்டால், தீவின் மூன்றிலொரு பங்குக்கு மேல் பூங்காவாயிற்று. இவ்வளவு பெரிய செய்தி, தீவகத்திலே பிறந்தவர்களிற் பலருக்குக்கூட அன்று தெரியாது. எங்களுள் இருவர் தீவகத்தார். அவர்களும் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே அறிந்தார்கள்.

"பாதுகாக்கப்பட்ட வனம்" என்றவுடன் உங்கள் மனத்திலே வில்பத்துவும் யாலவும் தோன்றும். யானையும் சிறுத்தையும் தோன்றும். நெடுந்தீவில் அப்படி ஒன்றுமில்லை. முருகைக்கல் அடுக்கிய வேலிகள், பனைகள், முட்பற்றைகள், மழைக்காலத்திற் பசுமையாகிக் கோடையிற் கருகிப்போகும் புற்றரை, ஆங்காங்கே நீர் தேங்கும் பள்ளங்கள், அவற்றைச் சூழ்ந்து உவர்க்காற்று. மரம் நிறைந்தாலே காடு என்று பள்ளிக்கூடத்திற் படித்தவர் வந்து பார்த்தால் ஏமாந்துதான் போவார். ஆனால் பறவைக்கு வேண்டியது மரம் மாத்திரமன்று. வெளியை நாடும் பறவை உண்டு. சேற்றை நாடும் பறவை உண்டு. புல்லிலே வெறுந்தரையில் முட்டையிடும் ஆட்காட்டியும் வானம்பாடியும் உண்டு. அடர்ந்த காட்டிலே இவற்றுக்கு இடமில்லை.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கே சைபீரியாவின் பனிவெளி முதல் இமயத்தைக் கடந்து தெற்கே வரும் வலசைப் பாதையின் அந்தத்திலே நமது நாடு கிடக்கின்றது. அப்பால் இந்து சமுத்திரம். வட துருவத்துக் குளிருக்கு அஞ்சித் தெற்கே புறப்பட்ட பறவைக்குப் பாக்கு நீரிணையின் ஆழமற்ற கடலும் சேறும் உணவுச்சாலை. எதிர்க்கரையிலே கோடிக்கரை; அது 1967 முதல் சரணாலயம். இக்கரையிலே மன்னார், வங்காலை, நமது தீவகம். இது வெறும் ஊகமன்று. அண்மை ஆண்டுகளிற் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரிலே கடற்காகங்களைப் பிடித்து, முதுகிலே சிறு கருவி பொருத்தி விட்டார்கள். செய்மதி வழியாகத் தொடர்ந்து பார்த்தபோது, அவை இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவைக் கடந்து, ரஷ்யாவின் வடதுருவக் கரைக்கே போய்ச் சேர்ந்தன. மன்னாரில் மீன்வாடிக்கு மேலே கத்திக்கொண்டு திரியும் அதே கடற்காகம்!

எங்கள் மிஷன் பாடசாலையின் சுவரிலே பறவைப் படமொன்று தொங்கிற்று. இங்கிலாந்துப் பறவைகள் இருபது. றொபினை மார்பு சிவந்த குருவி என்று ஆறு வயதிலே அறிந்தோம். வேலியிலே ஏழெட்டாய்க் கூடிக் கத்தும் புலுனியை ஒருவரும் எங்களுக்குப் பாடமாக்கவில்லை. அதை ஆச்சிமாரிடமே கற்றோம். பாடசாலையைக் குறை கூறுவதற்கன்று இதைச் சொல்வது. நோட்டுப் புத்தகத்திலே திகதியிட்டுக் குறிப்பெழுதும் பழக்கத்தை எங்களுக்குத் தந்ததும் அதே பாடசாலைதான். ஆனால் பெயரில்லாத பொருளை எண்ண முடியாது. "ஆலாய்ப் பறக்கிறான்" என்று வீட்டிலே நம்மை ஏசுவார்கள். அந்த ஆலா எந்தப் பறவை என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பருந்து என்பார். இன்னொருவர் கடலிலே தலைகீழாய்ப் பாய்ந்து மீன் பிடிக்கும் வெண்பறவை என்பார். உள்ளான் என்ற ஒரே சொல்லுக்குள் இருபது இனங்கள் அடங்கிக் கிடக்கின்றன. வேட்டைக்காரனுக்கு அந்தச் சொல் போதும், கணக்கெடுப்பவனுக்குப் போதாது. ஆகவே எங்கள் வேலையிற் பாதி, தீவிலுள்ள முதியவர்களிடம் பெயர் கேட்டு எழுதுவதாய் அமைந்தது. 1990ஆம் ஆண்டை ஒட்டிய இடப்பெயர்விலே தீவகம் வெறுமையானபோது மக்களோடு இப்பெயர்களும் போய்விட்டன. திரும்பி வந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நயினாதீவுக்குப் போகிறவர்கள் கடலிலே உள்ள இரண்டு கல்லைக் காட்டிக் கதை சொல்வார்கள். அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திவந்த நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டதாம்; அதைக் கொல்ல வந்த கருடன் மறு கல்லிலே காத்திருந்ததாம்; அவ்வழியே வந்த வணிகன் இரண்டையும் சமாதானஞ் செய்தானாம். இந்தக் கருடன் எந்தப் பறவை? வெள்ளைத் தலையும் செம்மண் நிற உடலுங்கொண்ட செம்பருந்து. கோயிலிலே அதைக் கண்டால் கன்னத்திற் போட்டுக்கொள்கிறோம். அதனருகிலேயே கரும்பருந்தும் பறக்கின்றது. உடல் முழுதும் மண்ணிறம். வால் நடுவிலே பிளந்தாற்போல இருக்கும். இப்பறவையை நமது நாட்டிலே வடக்குக் கரையோரத்திலும் மன்னாரிலுமே அதிகம் காணலாம். கொழும்பிலிருந்து வந்த எங்கள் சக மாணவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றார்கள். நமக்கு அது கோழிக்குஞ்சு தூக்கும் பிராந்து, அவ்வளவுதான்! இப்படியே இரட்டைவால் கரிச்சானும், கழுத்தின் பின்னே கரும்பட்டி அணிந்த சாம்பற்புறாவும், பற்றைக்குள் ஓடும் கவுதாரியும் நமது வடபுலத்துக்கு உரியவை. தெற்கே பெரும்பாலான இடங்களில் இவற்றைக் காணமுடியாது.

இனி எண்ணும் முறையைச் சொல்வோம். பலர் நினைப்பது போலத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து "ஒன்று, இரண்டு" என்று சொல்லிக்கொண்டு போவதன்று அது.

புற்றரையிலே ஒரு நேர்கோட்டை முதலிற் குறித்துக்கொள்வோம். அக்கோட்டின் வழியே ஒரே வேகத்தில் நடந்து, இருமருங்கிலும் கண்ட பறவை எது, எத்தனை, கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதுவோம். தூரத்தை எழுதுவது முக்கியம். அருகிலுள்ளது கண்ணிற் படும், தொலைவிலுள்ளது தப்பும், எத்தனை தப்பியிருக்கலாம் என்பதைத் தூரக்கணக்குத்தான் காட்டும். முட்பற்றைக்குள் நடக்க முடியாது. அங்கே ஓரிடத்திற் பத்து நிமிடம் அசையாது நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதவேண்டும். கேட்டதே அதிகமாய் இருக்கும். விடியலில் முதல் இரண்டு மணித்தியாலமே இதற்கு உரிய வேளை. வெயில் ஏறினால் நெடுந்தீவுப் பற்றை ஊமையாகிவிடும்.

கடற்கரையிலே வேறு முறை. வற்றிலே சேறெங்கும் சிதறி மேயும் உள்ளான்களை எண்ணப் புகுந்தால் பைத்தியம் பிடிக்கும். பெருக்கிலே நீர் ஏறும்போது அவை கூட்டமாய் ஒதுங்கும். அப்போது எண்ணுதல் எளிது. ஆனால் நமது கடலிலே வற்றும் பெருக்கும் மிகச் சிறியன. காற்று எப்பக்கம் அடிக்கிறது என்பதே பல நாளிலே நீரை ஏற்றவும் இறக்கவும் செய்கின்றது. ஆங்கிலேயர் எழுதிய கைந்நூல்களிலே இந்தச் சங்கதி இல்லை. குறிகட்டுவான் ஓட்டி ஒருவர் எங்களுக்குச் சொல்லித் தந்தது இது. பெருங்கூட்டமானால் முதலிற் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம்பிடிக்கிறது என்று மனத்திற் பதித்து, அந்த அளவினாற் கூட்டத்தை அளக்கவேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். நண்பர்களுக்குள்ளே சண்டை மூள இதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

எங்களைக் கவர்ந்த பறவைகள் பல. பண்ணைப் பாலத்திலே பஸ்ஸிற் போகும்போதே மாரிக்காலத்திற் காணக்கூடிய பூநாரைகளைச் சொல்லவேண்டியதில்லை. தலையைக் கவிழ்த்து வளைந்த அலகால் நீரை வடிகட்டி உண்ணும் அப்பறவை நமது நாட்டிலே கூடு கட்டுவதில்லை, விருந்தாளியாகவே வருகின்றது. ஆனால் எங்களுக்கு நண்டுதின்னியே பெரிது. வெள்ளையுங் கறுப்புமாய், கனத்த அலகுடன், கரையிலே நண்டைத் துரத்தும் இப்பறவை, கரைப்பறவைகள் எல்லாவற்றுள்ளும் மணலிலே வளை தோண்டி முட்டையிடும் ஒரே இனம். உலகின் கரைகளிலே இதன் கூடுகள் அரிது. ஆதாம்பாலத்து மணற்றிட்டுகளிலே அது கூடு கட்டியதற்குப் பதிவு உண்டு.

"எத்தனை இனம் கண்டீர்கள், எத்தனை பறவை எண்ணினீர்கள்?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்கிறார். அந்த எண்ணிக்கையை இன்று நாங்கள் சொல்லப்போவதில்லை. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருமுறை போய் எண்ணிய எண்ணிக்கை கணக்காகாது. ஐப்பசியிலே வந்திறங்கும் கூட்டம் வேறு, தையிலே தங்கியிருப்பது வேறு, சித்திரையிலே புறப்படுவது வேறு, ஆடிக் கோடையிலும் தீவைவிட்டுப் போகாத குடிப்பறவை வேறு. நான்கு காலமும், அதுவும் சில ஆண்டுகள் தொடர்ந்து எண்ணினால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லலாம். அரைகுறை எண்ணைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதையே ஆதாரமாக எவராவது காட்ட, நாங்கள் முழிக்க வேண்டிவரும்.

இப்போது இப்பேச்சின் கருவுக்கு வருகிறோம்.

ஒருநாட் காலை, கோடு போட்டு நடந்து கொண்டிருந்த எங்களை ஒரு முதியவர் மறித்தார். மாடு வளர்ப்பவர். "தம்பியவை, என்ன எண்ணுறியள்?" என்றார். குருவி என்றோம். "குருவியை எண்ணி முடிய எங்கட மாட்டை எண்ணுவியளோ? எண்ணிப்போட்டு, வெளியிலை கொண்டுபோ எண்டு சொல்லுவியளோ?" என்று கேட்டார். நாங்கள் மாணவர்கள், எவரையும் வெளியேற்ற எங்களுக்கு அதிகாரமில்லை என்று சொன்னோம். அவர் சிரித்தார். "அதிகாரமுள்ளவன் உங்கட கொப்பியைத்தான் கேப்பான், அப்பு" என்றார்.

அந்தச் சொல் எங்களை உறங்கவிடவில்லை. தேசிய பூங்கா என்றாற் சட்டப்படி மனிதர் குடியிருக்க முடியாது, மேய்ச்சல் இல்லை, அனுமதியின்றி நுழைய முடியாது. நெடுந்தீவு மக்களுக்கோ அந்தத் தரவை தலைமுறை தலைமுறையாக மேய்ச்சல் நிலம். குதிரைகளும் அங்கேயே திரிகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அங்கு குதிரை வளர்த்ததும், அவற்றின் வழிவந்தவையே இன்று காட்டுக்குதிரைகளாய் நிற்பதும் நீங்கள் அறிந்தவையே. வந்தேறிக் குதிரைக்குப் பூங்காவில் என்ன வேலை என்பார் சிலர். மாடும் குதிரையும் புல்லைத் தின்று பறவையின் கூட்டை மிதிக்கும் என்பதும் உண்மையே. ஆகவே அவற்றை அகற்றிவிட்டாற் பறவைகள் பெருகும் என்று முடிவுசெய்யலாமா?

இதற்கு விடை இந்தியாவின் இராஜஸ்தானத்திலே உண்டு. பரத்பூர் என்னும் இடத்திலே, கேவலாதேவ் என்ற சிவன் கோயிலின் பெயரால் வழங்கும் உலகப்புகழ் பெற்ற பறவைச் சதுப்பு இருக்கின்றது. 1980களின் தொடக்கத்தில் அது தேசிய பூங்காவாயிற்று. 1982இல் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. பறவையியல் மேதை சாலிம் அலி அவர்களே மேய்ச்சல் கூடாது என்ற கருத்தினராய் இருந்தார். கிராமத்தவர் எதிர்த்தனர், பொலிசாருடன் மோதல் ஏற்பட்டு உயிர்களும் பலியாயின. பிறகு நடந்ததுதான் விந்தை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் அங்கே பத்தாண்டு காலம் ஆய்வு நடத்தினார்கள். எருமை இல்லாத சதுப்பிலே ஒருவகைப் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடிவிட்டது. மீனும் கிழங்கும் பறவைக்கு எட்டாமற் போயின. மேய்ச்சலே அந்தச் சதுப்பைத் திறந்து வைத்திருந்தது என்று கண்டார்கள். மேய்ச்சலுக்கு எதிரானவர்களென்று மதிக்கப்பட்ட சங்கத்தாரே, தங்கள் கணக்குக் காட்டியதை மறைக்காமல் எழுதினார்கள். நோட்டுப் புத்தகம் கையிலே வைத்திருப்பவர் எல்லோரும் இதைப் படித்திருக்க வேண்டும்.

பரத்பூர் நன்னீர்ச் சதுப்பு. நெடுந்தீவு உவர்க்காற்று வீசும் வரண்ட தரை. அங்கு நடந்தது இங்கும் நடக்கும் என்று வாதிடுதல் முறையன்று. ஆனால் கேள்வி ஒன்றே: மாடும் குதிரையும் குட்டையாய் மேய்ந்து வைத்த புல்லிலே உப்புக்கொத்தியும் ஆட்காட்டியும் வானம்பாடியும் அதிகமா, மேயாது விட்ட பற்றையிலே அதிகமா? இதை வாதத்தினால் தீர்க்க முடியாது. மேயும் இடத்தில் ஒரு கோடு, மேயாத இடத்தில் ஒரு கோடு, இரண்டிலும் ஒரே நாளில் நடந்து எண்ணினால் தெரியும். முடிவு முதியவருக்குச் சாதகமாகவும் வரலாம், பாதகமாகவும் வரலாம். எதுவாயினும் அவருக்கு அதைத் தமிழிலே எழுதி, அவரிடமே முதலிற் கொடுப்பதென்று நாங்கள் தீர்மானித்திருக்கிறோம். கொப்பி அவருடையதுமாகட்டும்.

மக்கள் பறவையின் எதிரிகள் என்று எண்ணுவோருக்கு வேடந்தாங்கலைக் காட்டலாம். செங்கற்பட்டுச் சீமையின் அந்த ஏரியிலே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவை சுட்டபோது முறையிட்டவர்கள் கிராமத்து விவசாயிகளே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடமிருந்து அவ்வேரிக்குப் பாதுகாப்பைப் பெற்று, 1858இல் அதை மறுபடி உறுதிப்படுத்திக் கொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம். பக்தியால் மாத்திரமன்று, பயன் கண்டும் காத்தார்கள். அதில் இழுக்கொன்றும் இல்லை.

பக்தி மாத்திரம் போதாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. திருக்கழுக்குன்றத்திலே உச்சிப்பொழுதில் இரு கழுகுகள் வந்து குருக்களின் கையிலே அமுதுண்டு போனதை நமது ஊர் யாத்திரிகர்களிற் பலர் கண்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறுக்கழுகுகள். நூற்றாண்டுகளாய் வந்த அவை 1990களின் பின் வரவில்லை. இந்தியாவெங்கும் பாறுகள் அழிந்தன. மாட்டுக்குக் கொடுத்த டைக்குளோபினாக் என்ற மருந்தே பெருங்காரணம் என்று கண்டு, 2006இல் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடைசெய்தார்கள். குன்றத்திலே அந்த இரண்டையும் ஆயிரமாயிரம் பேர் கும்பிட்டார்கள். குன்றைச் சூழ்ந்த நாட்டிலே மற்றைய கழுகுகள் எத்தனை என்று எண்ணியவர் எத்தனை பேர்?

மற்றொரு காரியம், சற்று அவசரமானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய அரசின் நன்கொடையுடன் கலப்பு மின்திட்டம் வருகின்றது. 2022 மார்ச்சிலே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதிலே சூரிய ஒளியால் 1,700 கிலோவாற்றும், காற்றினால் 530 கிலோவாற்றும் பெறுவது திட்டம். டீசல் இயந்திரத்தை நம்பி வாழும் தீவுமக்களுக்கு இந்த மின்சாரம் வேண்டும். அதை நாங்கள் எதிர்க்கவில்லை; எதிர்க்கும் நண்பர்களோடும் உடன்படவில்லை. காற்றாலையை எங்கே நாட்டுவது என்பது மாத்திரமே எங்கள் கேள்வி. மன்னாரிலே என்ன நடந்ததென்று பாருங்கள். முதலில் 30 காற்றாலைகள் எழுந்தன. பின்னர் அதானி கம்பனியின் பெருந்திட்டம் வந்தபோது, 2024இல் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. பறவைகள் பற்றிய ஆய்வு போதுமானதா என்பது அங்கே எழுந்த முக்கிய வாதங்களுள் ஒன்று. மின்விலை பற்றிய மறுபரிசீலனையும் எழுந்தபின், 2025 பெப்ரவரியிலே கம்பனி விலகிக்கொண்டது. வெளவாலும் கூழைக்கடாவும் எந்த வழியாய்ப் பறக்கின்றன என்ற பத்தாண்டுக் கணக்கு முன்னரே கையிலிருந்தால், அத்தனை வழக்கறிஞர் செலவு வேண்டியிருக்குமோ என்னவோ.

நமக்கு முன்னோர் கணக்கு இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே எட்கார் லேயார்ட் என்பவர் பருத்தித்துறையிலே உத்தியோகம் பார்த்தபடியே வடபுலத்துப் பறவைகளைச் சேகரித்து எழுதினார். 1878 முதல் 1880 வரை வின்சென்ட் லெக் வெளியிட்ட பெருநூலும், 1955இல் ஹென்றி எழுதிய கைந்நூலும் உண்டு. 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகம் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகின்றது. ஆனால் போர்க்காலத்தில் வடக்கிலே அதை ஒழுங்காய் நடத்த இயலவில்லை. அந்த இடைவெளியை இனி எவராலும் நிரப்ப முடியாது. இவை அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளன என்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியின் நடு இரு வாரங்களில் நடைபெற்று வருகின்றது. நமக்கு அது தைப்பொங்கலை ஒட்டிய நாட்கள். நாங்கள் நால்வர், தீவின் கரையோ நீண்டது. ஒரே காலையிலே கரை முழுவதையும் எண்ணவேண்டுமானால் குறைந்தது பன்னிருவர் வேண்டும். ஆகவே இச்சங்கத்திலிருந்து எட்டுப் பேரைக் கேட்கிறோம். பறவை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண் தெளிவும், விடியலில் எழும் பழக்கமும், கண்டதை மாத்திரம் எழுதும் நேர்மையும் போதும். மேற்கூறியபடி மேயும் கோட்டிலும் மேயாத கோட்டிலும் நடப்பதற்கு நெடுந்தீவு வாலிபர் இருவர் கட்டாயம் வேண்டும். அவர்களுக்கே நிலம் தெரியும், மாடு யாருடையதென்பதும் தெரியும். பூங்காவுக்குள் நுழைய வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிக்கு எழுதுவது எங்கள் பொறுப்பு.

பொங்கலுக்கு மறுநாட் காலைப் படகிலே குறிகட்டுவானிலிருந்து புறப்படுவோம். கடல் ஒரு மணித்தியாலப் பயணம். வாடைக்காற்று அடித்தால் வயிறு கலங்கும், வெறும் வயிற்றோடு வரவேண்டாம். இரண்டு இராத்தங்கல். குடிநீரை ஒவ்வொருவரும் கொண்டுவருதல் நலம். தீவிலே நல்ல தண்ணீர் அருமை, அங்குள்ளவர்களின் கிணற்றுக்கு நாம் பாரமாகக் கூடாது. வெள்ளைச் சட்டை வேண்டாம், பறவை மிரளும். தொலைநோக்கி எங்களிடம் மூன்று உண்டு. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் உள்ள தாளிலே எழுதலாம். அதன் பின்பக்கத்தில் இருபத்தைந்து பறவைகளின் படத்தைக் கீறி, தீவகத்திலே கேட்டறிந்த பெயர்களை எழுதியிருக்கிறோம். ஆறு படங்களின் கீழே இடம் வெறுமையாயிருக்கிறது. உங்கள் ஆச்சிமாரிடம் காட்டி, பெயர் தெரிந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள்.